கத்தியின் ஆயுள்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து தெற்கே பெரியகுப்பம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, அன்னங்கோவில், முடசலோடை, கிள்ளை என்று கரையோரமாகச் செல்லும் மீனவர் ஊர்களில், பருத்தி நூலால் வலை பின்னி, அது உப்புநீரில் உளுத்துப் போகாதிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து, மணலில் விரித்துக் காயவைத்த தலைமுறை மறைந்து வெகுகாலமாகிவிட்டது. அந்த இடத்தை நைலான் நரம்பும் பாலிஎதிலீன் முறுக்கு நூலும் பாலிபுரொப்பிலீன் கயிறும் பிடித்துக்கொண்டன. அவை பருத்தியைவிட வலிமையிலும் நீடிப்பிலும் எவ்வளவோ மேலானவை என்பதில் சம்சயமில்லை. ஆனால் பருத்தி வலை உபயோகமற்றுப் போனதும் தானே மக்கி மண்ணாகும் என்றிருக்க, கிழிந்த நைலான் வலையை யாரேனும் எடுத்து ஏதேனும் செய்தாலொழிய அது கிழிந்த நைலான் வலையாகவே எத்தனையோ ஆண்டுகள் கரையில் கிடக்கும்.

அப்படிக் கிடக்கும் வலையும் கயிறும் மிதவையும், சிதம்பரம், பண்ருட்டிப் பக்கங்களிலிருந்து காயலான் கடைகளின் வழியாக வந்து சேரும் உடைந்த குடமும் வாளியும் சொட்டுநீர்க் குழாயும் மறுபடி ஒரு பொருளாக வேண்டுமானால், தரம் பிரித்து, கழுவி, உருக்கி, தானா என்னும் குருணையாக்கும் வேலைகளுக்கு இடையில் ஒரே ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டும். பட்டறைக்காரர்கள் கிரைண்டர் என்று அழைக்கும் துணுக்கு யந்திரமே அந்த வாயில். பிளாஸ்டிக் மறுசுழற்சியைப் பற்றி நம்மவர் பேசுவதெல்லாம் பெரும்பாலும் சட்டத்தையும் தடையையும் பற்றியே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்ததும், 2022 ஜூலை 1 முதல் தேசம் முழுவதற்கும் அதுபோன்ற தடை வந்ததும் எல்லோரும் அறிந்த சமாசாரங்கள். ஆயினும், தடைக்கு உட்படாத கோடிக்கணக்கான பொருள்கள் மறுபிறப்பில் நல்ல பண்டமாகுமா, கரும்புள்ளி விழுந்த மட்டமான பண்டமாகுமா என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது அந்த யந்திரத்துக்குள் சுழலும் எஃகுக் கத்தியின் விளிம்பு என்பதும், அந்த விளிம்பின் ஆயுளை எஃகின் உயர்வைக் காட்டிலும் அதற்கு ஊட்டப்படும் சரக்கின் சுத்தமே தீர்மானிக்கிறது என்பதும் என்னுடைய அபிப்பிராயம்.

யந்திரத்தின் அமைப்பு எளியது. மேலே சரக்கைக் கொட்டுகிற ஹாப்பர்; அதன் கீழே ஓர் அறை; அறைக்குள் குறுக்காகப் படுத்திருக்கும் கனத்த ரோட்டர்; ரோட்டரின் மீது ஆலன் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஓடும் கத்திகள்; அறையின் இரு பக்கச் சுவர்களிலும் அசையாமல் நிற்கும் நிலைக்கத்திகள்; அடியில் அரைவட்டமாக வளைந்த சல்லடை. ஓடும் கத்தி நிலைக்கத்தியைக் கடக்கும் கணத்தில் இடையே அகப்பட்ட பிளாஸ்டிக் வெட்டுப்படுகிறது. சல்லடைத் துளையைவிடச் சிறிதான துணுக்கு கீழே விழுகிறது. பெரியது மறுபடி மேலே சுற்றிப் போய் மறு வெட்டுக்கு வருகிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாலந்து தேசத்தார் கந்தல் துணிகளைக் காகிதக் கூழாக்குவதற்கு, கத்திகள் பதித்த உருளையொன்றைக் கத்திகள் பதித்த தளத்தின்மீது சுழலவிட்டார்களே, அந்தத் தொட்டியை இதன் மூதாதை என்று சொன்னால் குற்றமில்லை. அதுவும் பழையதைப் புதிதாக்க வந்த யந்திரமே.

மூன்று ஓடும் கத்திகளும் இரண்டு நிலைக்கத்திகளும் கொண்ட ரோட்டர் ஒன்று நிமிஷத்துக்கு 500 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 வெட்டு, ஆகவே நிமிஷத்துக்கு 3000 வெட்டு. எட்டு மணி நேர வேலையில் பதினான்கு லட்சத்து நாற்பதினாயிரம். ரோட்டரின் குறுக்களவு 300 மில்லிமீட்டர் என்றால் கத்தியின் நுனி வினாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இத்தனை வெட்டையும் தாங்குவது கத்தியின் முழு உடம்பு அன்று. புதிதாகச் சாணை பிடித்த கத்தியில் ஒரு தலைமயிரின் பருமனைவிடவும் நுண்ணிதான அதன் விளிம்பு மட்டுமே. கொடுத்த பலம் எவ்வளவு சிறிய பரப்பின்மீது குவிகிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் பெருகும் என்ற பௌதிக விதிதான் கூர்மையின் ரகசியம் முழுவதும். விளிம்பு தேய்ந்து உருண்டு பத்து மடங்கு அகலமாகிவிட்டால், அதே மோட்டாரின் அதே பலம் பத்து மடங்கு பரப்பில் சிதறிப் போக, பிளாஸ்டிக் வெட்டுப்படுவதற்குப் பதிலாக நசுங்கி, இழுபட்டு, கிழிபடுகிறது.

இந்த இழுபறியில் செலவாகும் சக்தி எங்கே போகிறது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாமே உஷ்ணமாகிறது என்பதே விடை. உறை, பை முதலியவை செய்யப்படும் மென்பாலிஎதிலீன், அதாவது சந்தையில் எல்.டி. எனப்படுவது, 110 டிகிரி அளவிலேயே உருகிவிடும், வன்பாலிஎதிலீனாகிய எச்.டி. 130 டிகிரியில், பாலிபுரொப்பிலீனாகிய பி.பி. 160 டிகிரியைத் தாண்டி. வலை நைலானாகிய நைலான் 6 சுமார் 220 டிகிரியில். மழுங்கிய கத்திக்கு அகப்பட்ட எல்.டி. துணுக்கு உருகாவிட்டாலும், அதற்கு வெகு முன்னரே இளகி, சல்லடையின் துளைகளில் அப்பிக்கொள்ளும்; துளை அடைபட்டதால் வெளியேற வழியில்லாத சரக்கு மேலும் சுற்றும்; சுற்றச் சுற்ற மேலும் உஷ்ணம். மழுங்கல் உஷ்ணத்தையும் உஷ்ணம் அடைப்பையும் அடைப்பு மேலும் மழுங்கலையும் பிறப்பிக்க, சில சமயம் அறை முழுவதும் ஒரே கட்டியாக இறுகி, யந்திரத்தை நிறுத்தி உளியால் வெட்டி எடுக்கும்படி நேர்வதுண்டு.

நைலானின் தன்மை வேறு. அது நீரைக் குடிக்கும் பிளாஸ்டிக். சாதாரணக் காற்றின் ஈரத்தில் வைத்தாலே தன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் ஊறப்போட்டால் அது ஒன்பது பங்கையும் எட்டும். உலர்ந்த நைலான் ஓரளவு விறைப்பானது, கத்திக்கு நேராக நின்று வெட்டுப்படும். ஈரம் குடித்த நைலானோ தோலின் தன்மையடைந்து வளைந்து கொடுத்து, கத்தி பட்டால் விலகி, நீண்ட நரம்பாக ரோட்டரின் தண்டைச் சுற்றிக்கொள்ளும். வலையை முழு நீளமாக ஹாப்பரில் போடுகிறவர் இதனால்தான் கெடுகிறார். நரம்பு தண்டைச் சுற்றி இறுகிப் பக்கவாட்டில் நகர்ந்து பேரிங்கின் காப்பு வளையத்துக்குள் புகுந்துவிட்டால், உராய்வின் சூட்டில் கிரீஸ் உருகி வடிய, பேரிங் கெட்டுப்போகும். குற்றம் கத்தியின்மேல் சுமத்தப்படும். வலையை முதலில் கையாலோ தனி வெட்டியாலோ சாண் அளவுக்கு நறுக்கி, நன்றாக உலர்த்தி, அதன்பின் யந்திரத்துக்கு ஊட்டுவதே முறை.

அதைவிடக் கொடிய சத்துரு மணல். கரையில் இழுபட்ட வலையின் ஒவ்வொரு முடிச்சும் மணலைச் சுமந்து வருகிறது. அந்த மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவையில் நன்கு பதமேற்றிய கத்தி எஃகு சுமார் 700, குவார்ட்ஸோ 1000-க்கு மேல். ஆகவே மணல் எஃகைக் கீறுமே அன்றி எஃகு மணலைக் கீறாது. இதற்காகத்தான் இக்கத்திகளுக்கு, டி-2 என்று உலகச் சந்தையிலும் எச்.சி.எச்.சி.ஆர். என்று நம் பட்டறைகளிலும் வழங்கும், கரிமம் ஒன்றரை சதவீதமும் குரோமியம் 12 சதவீதமும் கொண்ட எஃகைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கரிமமும் குரோமியமும் கூடிக் குரோமியம் கார்பைடு என்னும் சூக்ஷ்மமான மணிகளாக எஃகினுள் எங்கும் விரவி நிற்கும். அம்மணிகளின் கடினம் குவார்ட்ஸையும் மிஞ்சியது. மணல் வந்து உரசும்போது மணிகளுக்கு இடைப்பட்ட எஃகு தேயும், மணிகள் எதிர்த்து நிற்கும். ஆனால் தம்மைத் தாங்கும் எஃகு சுற்றிலும் அரிபட்டுப் போனால் மணிகளும் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்துவிடும். எவ்வளவு உயர்ந்த எஃகும் மணலுக்கு முன்னால் அவகாசம் கேட்கிறதே தவிர வெற்றி பெறுவதில்லை.

பன்னிரண்டு சதவீதம் குரோமியம் இருக்கிறதே, இது துருப்பிடிக்காத எஃகல்லவோ என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. துருவைத் தடுக்க வேண்டுமானால் குரோமியம் எஃகின் உடலில் கரைந்து பரவி நிற்க வேண்டும். இங்கோ அதில் கணிசமான பகுதி கார்பைடு மணிகளுக்குள் சிறைப்பட்டுவிட்டது. மீதமிருப்பது கடலூரின் உப்புக்காற்றுக்குப் போதாது. வலையில் ஒட்டிய உப்பும், நீரும், காற்றும் சேர்ந்தால் ஒரே இரவில் கூர்விளிம்பில் நுண்ணிய துருக்குழிகள் விழுந்து, காலையில் பார்க்கும்போது சாணை பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கும். இத்துடன் பி.வி.சி. கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடலூர் சிப்காட்டிலேயே பி.வி.சி. பிசின் செய்யும் பெரிய ஆலையுண்டு; அப்பிசினால் ஆகும் குழாயும் கம்பி உறையும் நம் வீடுகள்தோறும் நிறைந்திருக்கின்றன. தன்னளவில் அது நல்ல பண்டம்தான். ஆனால் மிதமிஞ்சிச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவியை விடும். ஈரத்தோடு கூடி அது அமிலமாகி எஃகைத் தின்னும். பி.வி.சி.யைப் பிரித்து வைப்பது உருக்கும் யந்திரத்துக்கு மட்டுமல்லாமல் கத்திக்கும் செய்கிற உபகாரம்.

எஃகைப் பற்றிப் பேசும்போது பரங்கிப்பேட்டையைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. வெள்ளாறு கடலில் சேரும் அந்தச் சிற்றூரில், இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கும் ஊரில், 1830-ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கும்பினி உத்தியோகஸ்தர் ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். சேலத்துப் பக்கத்து இரும்புத்தாது படகுகளில் கொள்ளிடத்தின் வழியாக வந்தது. உலைக்குக் காடுகளின் மரக்கரி. இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனபோதிலும் ஆலை நிலைக்கவில்லை. கரியும் பணமும் பற்றாமல் பின்னாளில் அணைந்தது. ஆனால் தென்னாட்டு எஃகின் சிறப்பைக் கண்ணாரக் கண்டிருந்த ஹீத், ஷெஃபீல்டுக்குப் போய், உருகிய எஃகில் சிறிதளவு மாங்கனீசைச் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல கத்தி எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் இரும்போடு சேர்ந்தால் சூட்டில் அடிக்கும்போது எஃகு பிளந்துவிடும். மாங்கனீசு அக்கந்தகத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு தீங்கில்லாமல் செய்துவிடுகிறது. ஷெஃபீல்டு முதலாளிகள் மாங்கனீசை வேறு வடிவத்தில் போட்டு அவருக்குரிய பங்கைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள, வழக்காடியே அவர் 1851-இல் காலமானார். இன்று கடலூர்க் கொட்டகையொன்றில் சுழலும் கத்தியிலும் ஒரு சிறு பங்கு மாங்கனீசு இருக்கிறது.

இனிக் கத்தியின் பரிபாலனத்துக்கு வருவோம். முதற்காரியம் யந்திரத்தின் அருகிலேயே நடப்பதில்லை. கழுவும் தொட்டியில் நடக்கிறது. வலையிலுள்ள ஈயக்குண்டுகளையும் இரும்பு வளையங்களையும் அறுத்தெறிந்து, உதறி, நன்னீரில் அலசி, மணல் அடியில் தங்கும்படி விட்டு, மேலே உள்ளதை மட்டும் எடுத்து உலர்த்த வேண்டும். பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரில் மிதக்கும், நைலான் மூழ்கும். ஆகவே நைலானை மணலுக்கு மேல் ஒரு கம்பித்தட்டில் தாங்கி எடுப்பது அவசியம். ஹாப்பரின் வாயில் ஒரு காந்தம் வைப்பதும் நல்லது. ஆனால் ஈயத்தையும் கல்லையும் எந்தக் காந்தமும் பிடிக்காது, கண்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, ஓடும் கத்திக்கும் நிலைக்கத்திக்கும் உள்ள இடைவெளி. மெல்லிய உறைகளுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. தடித்த குடம், குழாய்களுக்கு 0.2 முதல் 0.3 வரை. இடைவெளி மிகுந்தால் மெல்லிய உறை வெட்டுப்படாமல் மடிந்து நடுவே நழுவிவிடும். குறைந்தால் எஃகோடு எஃகு மோதும். 150 மில்லிமீட்டர் ஆரமுள்ள ரோட்டர் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர் விரியும் என்பதை மறந்து, காலைக் குளிர்ச்சியில் 0.05 என்று நெருக்கி வைத்தவர் மதியத்தில் கத்தியை இழப்பார். அளவைத் தகடுகளாகிய ஃபீலர் கேஜைக் கொண்டு, ஒவ்வொரு கத்தியையும் இடது முனை, நடு, வலது முனை என்று மூன்றிடத்திலும் பார்க்க வேண்டும். பத்திரிகைத் தாளின் ஒரு கீற்றை இடையில் பிடித்து, மின்சாரத்தை அறவே துண்டித்தபின் ரோட்டரைக் கையால் மெல்ல உருட்டிப் பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். தாள் நீளம் முழுவதும் ஒரே சீராக அறுபட்டால் சரி. பல யந்திரங்களில் ஓடும் கத்தி சற்றே சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். அரிவாள்மணையில் காயை நேராக அழுத்தாமல் வளைவின் வழியே நகர்த்தி அரிகிறோமே, அந்த நியாயப்படி வெட்டு ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு ஓடுவதால் அதிர்ச்சி குறைகிறது.

மூன்றாவது சாணை. இதில்தான் நல்ல கத்திகள் அநியாயமாகக் கொல்லப்படுகின்றன. கைச்சாணையில் பொறி பறக்கத் தேய்த்தால் விளிம்பு பளபளக்கும். ஆனால் அந்தப் பொறியின் உஷ்ணத்தில் எஃகின் பதம் இறங்கிவிடும். விளிம்பில் நீலநிறம் தோன்றினால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் விழுந்திருக்கலாம். தட்டைச் சாணை யந்திரத்தில், குளிர்நீர் இடைவிடாமல் வார்த்து, ஒரு தடவைக்கு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் எடுத்து, தயாரித்தவர் வைத்த கோணத்தை மாற்றாமல் தீட்டுவதே சாஸ்திரம். கூர் மிகுதியாக வேண்டும் என்ற ஆசையில் கோணத்தைக் குறுக்கினால் விளிம்பு மெலிந்து முதல் கல்லிலேயே உடையும். மேலும், ஒரு கத்தி மட்டும் மழுங்கியது என்று அதை மட்டும் தீட்டக்கூடாது. எல்லா ஓடும் கத்திகளையும் ஒரே அகலத்துக்குத் தீட்டி, எடையும் ஒத்திருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ரோட்டரில் ஒரு பக்கம் வெறும் 50 கிராம் அதிகமிருந்தாலும், மேற்சொன்ன வேகத்தில் அது சுமார் 2 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாகி, நிமிஷத்துக்கு 500 முறை பேரிங்கைத் திசைமாற்றித் திசைமாற்றி உலுக்கும்.

கத்தியை மறுபடி பொருத்தும்போது அது உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்குவதை அற்பமென்று எண்ணுகிறவர் பலர். அடியில் அகப்பட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் துணுக்கு அழுந்தியிருந்து, யந்திரம் சூடேறியதும் தளர்ந்து, போல்ட்டின் இறுக்கத்தைக் கெடுத்துவிடும். கழன்ற கத்தி அறைக்குள் என்ன செய்யும் என்று விவரிக்க வேண்டியதில்லை. நீண்டுபோன பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல், உயர்வலிமைப் புதிய போல்ட்டுகளை, தயாரித்தவர் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்கி, சில மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்விட்சை அணைத்துவிட்டால் யந்திரம் அடங்கிவிட்டது என்று நம்பக்கூடாது. மெயினை இறக்கி, பியூஸைப் பிடுங்கி, அதைக் கத்தி கழற்றுகிறவரே தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டரைக் கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். ஏனெனில், ஒரு கத்தியைக் கழற்றிய கணமே ரோட்டரின் கனம் ஒரு பக்கமாகி, மின்சாரம் இல்லாமலே அது தானாகப் புரளும். எதிர்ப்பக்கத்துக் கத்திக்கும் நிலைக்கத்திக்கும் நடுவில் அந்நேரம் விரல் இருந்தால், முன்பு சொன்ன பௌதிக விதி அதற்கும் பொருந்தும்.

கத்தி மழுங்கிவிட்டதை எப்படி அறிவது? மோட்டாரின் அம்மீட்டரில் முள் வழக்கத்தைவிட ஏறி நிற்கும், சத்தம் தடிக்கும், துணுக்கின் ஓரம் சுத்தமாக இல்லாமல் வால் விட்டிருக்கும். இவற்றுள் நான் அதிகம் நம்புவது தூளை. துணுக்கில் ஒரு படி அள்ளி மெல்லிய சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளை நிறுத்து எழுதிவைத்தால், அந்த எண் நாளுக்கு நாள் ஏறுவதே கத்தியின் நாடி. தூள் வெறும் நஷ்டம் மட்டுமன்று: உருக்கும் யந்திரத்தில் துணுக்கைவிட முந்தி உருகிக் கருகி, தானாவில் கரும்புள்ளியாக வெளிப்படுவது அதுவே, கழுவும் நீரோடு சாக்கடையில் இறங்கி, உப்பனாற்றின் வழியாகக் கடலுக்குப் போய், ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவானதால் நுண்பிளாஸ்டிக் என்று பெயர் பெறுவதும் அதுவே. கரையிலிருந்து மீட்ட வலையை, மழுங்கிய கத்தியால் தூளாக்கி மறுபடி கடலுக்கே அனுப்புவது எவ்வளவு விபரீதமான சுழற்சி! கழிவுநீர் வெளியேறும் இடத்தில் நுண்ணிய வலைத்தட்டும் படிவுத்தொட்டியும் வைத்தாலொழிய நல்ல கத்தியுள்ள பட்டறைக்கும் இந்தப் பழி ஓரளவு உண்டு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் கரையேறியிருக்கும் அக்காலத்தில்தான் வலைகளை நிதானமாகப் பிரித்துப் பழுது பார்ப்பதும், தேறாதவற்றைக் கழிப்பதும் நடக்கும். வலைச்சரக்கை நம்பும் பட்டறைக்காரர் பங்குனி முடிவதற்குள் இரண்டாவது கத்தித் தொகுதியொன்றைத் தீட்டி, எடை பார்த்து, எண்ணெய் தடவி, உப்புக்காற்று படாதபடி மெழுகுத்தாளில் சுற்றி வைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் சித்திரை வெயிலில் சரக்கு குவிந்து கிடக்கும்போது சாணைக்கு அனுப்பிய கத்திக்காக யந்திரத்தை நிறுத்திக் காத்திருக்க யாருக்கும் பொறுமை வராது, மழுங்கியதையே இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிடத்தான் தோன்றும்.